பரிசோதிக்காமலே எல்லா மாணவர்களுக்கும் பூச்சி மாத்திரை ஏன்?

"என் மகளுக்கு வயிற்றில் பூச்சியே இல்லை, பிறகு எதற்குப் பள்ளியில் மாத்திரை கொடுக்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பரிசோதித்த பிறகே மருந்து என்பது தனி நோயாளிக்குப் பொருந்தும். குடற்புழு பரவியுள்ள ஓர் ஊருக்கு அது பொருந்தாது என்பதற்கான காரணம் புழுக்களின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது.

பாக்டீரியா உடலுக்குள் புகுந்தால் அங்கேயே பெருகும். உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவை அப்படிப் பெருகுவதில்லை. பெண் உருண்டைப்புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டைகள் இட்டாலும், அவற்றில் ஒன்றுகூட அதே குடலில் புழுவாக வளராது. மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து, ஓட்டுக்குள் இளம்புழு உருவான பிறகே முட்டைக்குத் தொற்றும் ஆற்றல் வருகிறது. ஆகவே ஒரு குழந்தையின் குடலில் 20 உருண்டைப்புழுக்கள் இருந்தால், குறைந்தது 20 முட்டைகள் அழுக்கேறிய நகத்தின் வழியாகவோ கழுவாத காய்கறி வழியாகவோ தனித்தனியே வயிற்றுக்குள் போயிருக்கின்றன என்று பொருள். கொக்கிப்புழு மட்டும் மண்ணிலேயே பொரிந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். இனிப்பு தின்றால் பூச்சி உண்டாகும் என்று இன்னும் சொல்லித் திரிபவர்கள் இந்த வழிகளில் சர்க்கரைக்கு எங்கே இடம் என்று காட்ட வேண்டும்.

குடலில் புழு செத்தால் மண்ணில் விழும் முட்டை குறையும். அதனால் மாத்திரையே விழுங்காத தம்பி தங்கைக்கும் தொற்று வாய்ப்பு குறையும். புழுக்கள் ஊரில் சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. பெரும்பகுதி சிலரின் குடலில் குவிந்திருக்கும். அந்தச் சிலரை முகத்தைப் பார்த்து அறிய முடியாது. ஒவ்வொருவர் மலத்தையும் நுண்ணோக்கியில் பார்ப்பதோ மாத்திரையை விடப் பல மடங்கு செலவு பிடிக்கும். அதனால்தான் 20 விழுக்காட்டினருக்கு மேல் தொற்று இருக்கும் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு முறையும், 50 விழுக்காட்டைத் தாண்டினால் இரு முறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

பள்ளிகளில் பெரும்பாலும் கொடுக்கப்படுவது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல். அது புழுவின் செல்களில் உள்ள டியூபுலின் புரதத்தில் ஒட்டி, செல்லுக்குள் பொருள்களைக் கடத்த உதவும் நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினியில் சாகிறது. மனித டியூபுலினில் அது அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை.

ஆனால் மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் முட்டைகளை மாத்திரை தொடுவதில்லை. உருண்டைப்புழுவின் முட்டை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் நிதி ஒதுக்காமல் மாத்திரையை மட்டும் ஆண்டுதோறும் கொடுப்பது என் பார்வையில் பாதி வேலைதான். கொக்கிப்புழு பெரியவர்களிடமே மிகுதி என்பதால், பள்ளியோடு நிற்கும் திட்டம் அதன் முக்கிய இருப்பிடத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு வீடு வீடாகச் சென்று பெரியவர்களுக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும்.