உப்புக்குத் துணை சர்க்கரை

வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொட்டலத்தில் சர்க்கரை எதற்கு? தெம்புக்கு என்பார்கள் பலர்; உப்புக் கரிக்காமல் இருக்க என்பார்கள் சிலர். முக்கியக் காரணம் வேறு. குளுக்கோஸ் என்ற சர்க்கரை துணைக்கு வராவிட்டால், வயிற்றுப்போக்கில் தவிக்கும் குடலுக்குள் அந்த உப்பு நுழைவதே பெரும்பாடு.

செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வு, ஈரடுக்குக் கொழுப்பு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக்சிஜன் அதைச் சட்டை செய்யாமல் கடந்துவிடும். உப்பில் உள்ள, மின்னூட்டம் கொண்ட சோடியமோ தன்னைச் சூழ்ந்த தண்ணீரை விட்டுக் கொழுப்புக்குள் இறங்காது. நீரில் எளிதில் கரையும் குளுக்கோஸும் அப்படித்தான். சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் வழிவிட்டால்தான் உண்டு.

சிறுகுடல் செல்களில் எஸ்ஜிஎல்டி-1 என்றொரு புரதம் இருக்கிறது. கறாரான காவலாளி. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்து அமர்ந்த பிறகே, தன் வடிவத்தை மாற்றி அவற்றை உள்ளே இறக்கிவிடும். அவற்றின் பின்னால் தண்ணீரும் வரும்.

சோடியம் ஏன் உள்ளே வரத் துடிக்க வேண்டும்? செல்லின் மறுபக்கத்தில், இரத்தத்தை நோக்கிய சவ்வில், ஒரு பம்பு ஓயாமல் இயங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியேற்றி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியத்துக்கு எப்போதும் பஞ்சம். பள்ளத்தைக் கண்ட வெள்ளமாய்ச் சோடியம் பாய, குளுக்கோஸும் அந்த ஓட்டத்தோடு வந்துவிடுகிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் இந்தப் பம்பை அடையாளம் கண்டது நண்டுக்கால் நரம்பில். நாம் ரசத்துக்கு இடித்துப் போடும் நண்டுக்கால்தான்! நோபல் பரிசு வர 40 ஆண்டுகள் ஆயின.

காலரா நச்சு, குடல் செல்லின் குளோரைடு வாயிலைத் திறந்து, மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குளோரைடு வெளியே கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்தொடர்கின்றன. ஆனால் எஸ்ஜிஎல்டி-1 மீது அந்த நச்சு கைவைப்பதில்லை. சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே பயணிக்கின்றன என்று உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் சொன்னது இங்கேதான் உயிர் காத்தது. 1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹாலானபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் அதே 75. இனிப்பைக் கூட்டினால் நல்லதுதானே என்று கைநிறைய அள்ளிப் போடக் கூடாது. உறிஞ்ச முடியாமல் குடலில் தங்கும் சர்க்கரை, சவ்வூடுபரவல் விதிப்படி உடலிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு இன்னும் கூடும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குப் பாட்டில் குளிர்பானம் வேண்டாம் என்று மருத்துவர்கள் தடுப்பது இதனால்தான்.