ஒரே அச்சு, வேறு நிறம், வேறு விலை

ஒரே அச்சில் வார்த்த இரண்டு டைகாஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யும் பொம்மைக் கார்கள். ஒன்றை யாரும் சீண்டமாட்டார்கள், இன்னொன்றுக்கு ஏலத்தில் அடிதடி. நிறம் மட்டும்தான் வித்தியாசம். ஆனால் நிறம் அபூர்வம் என்றால் மட்டும் போதாது, அதை ஆலையே பூசியது என்று நிரூபிக்க வேண்டும்.

1965-ல் மேட்ச்பாக்ஸ் என்ற பொம்மைக் கார் பிராண்ட் தன் வரிசையில் 13-ம் எண்ணில் ஒரு டாட்ஜ் மீட்பு வண்டியை விட்டது. வழக்கமானதில் கேபின் மஞ்சள், பின்பகுதி பச்சை. மிகச் சில மட்டும் தலைகீழாக, பச்சைக் கேபினும் மஞ்சள் பின்பகுதியுமாக வந்துவிட்டன. சேகரிப்பாளர்கள் துரத்துவது அவற்றைத்தான். நிறம் இடம் மாறினாலே விலை ஏறும் என்றால் போலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

1968-ல் வந்த இன்னொரு பொம்மைக் கார் பிராண்டான ஹாட் வீல்ஸின் முதல் கார்களில் இருந்த ஸ்பெக்ட்ராஃபிளேம் பெயிண்ட் வேறு ரகம். சாதாரண பெயிண்டில் நிறமித் துகள்கள் ஒளியை மேலேயே சிதறடித்துவிடும், அடியில் இருக்கும் உலோகம் தெரியாது. இதுவோ சாயம் கலந்த, ஒளி ஊடுருவும் பூச்சு. ஒளி அதைக் கடந்து மெருகேற்றிய உலோகத்தில் பட்டுத் திரும்பி, மறுபடி அதே பூச்சைக் கடந்து வெளியே வருகிறது, அதாவது இரண்டு முறை வடிகட்டப்படுகிறது, அதனால்தான் அந்த ஆழமான மினுமினுப்பு. சிக்கல் என்னவென்றால், அடியில் உலோகம் கறுத்தால் அந்தப் புள்ளிகளும் அப்படியே மேலே தெரியும்.

அப்புறம் வெயில். புற ஊதாக் கதிர்கள் சாய மூலக்கூறின் பிணைப்புகளை உடைக்கின்றன. கலவை நிறமாக இருந்தால் தாக்குப்பிடிக்காத சாயம் முதலில் போய்விடும், ஆகவே நிறம் வெளிறுவதோடு நிற்காமல் வேறு நிறமாகவே மாறலாம். ஊதாவில் சிவப்புச் சாயம் போனால் மிச்சம் நீலச் சாயல்தான். ஜன்னலோரம் வெயில் காய்ந்த இந்த வண்டியைத்தான் சிலர் "யாரிடமும் இல்லாத நிறம்" என்று விற்கப் பார்ப்பார்கள். வண்டியைக் கவிழ்த்து, அடித்தட்டு உடலோடு சேரும் விளிம்பைப் பாருங்கள், வெளிச்சம் படாத அந்த இடுக்கில் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

முழுதாகப் புதிதாய்ப் பூசியதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். இங்கே உதவுவது மெட்டமெரிசம் என்கிற சங்கதி. நம் கண்ணில் நிறம் உணரும் செல்கள் மூன்றே வகை, எத்தனை அலைநீளங்கள் வந்தாலும் மூளைக்குப் போவது அந்த மூன்றின் கணக்குதான். எனவே வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பச்சைகள் ட்யூப் லைட்டில் அச்சு அசலாக ஒன்றாகத் தெரியலாம், வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒன்று மஞ்சளடித்து நிற்கும். சந்தேகமான வண்டியையும் அசல் என்று உறுதியான ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு விதமான வெளிச்சத்திலும் பார்ப்பது காசில்லாத சோதனை.

விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்யும் முன்மாதிரிகளின் கதை தனி. 1969-ல் ஹாட் வீல்ஸ் ஒரு வோக்ஸ்வாகன் வேனை, பின்கண்ணாடி வழியாக சர்ஃப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்து பார்த்தது. பொம்மைத் தடத்தில் வண்டிகளை உந்தித் தள்ளும் கருவிக்கு அந்த உடல் ஒத்துவரவில்லை, அதனால் அகலமாக்கி, பலகைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றித்தான் கடைக்கு அனுப்பினார்கள். பழைய வடிவில் எஞ்சியவையே சொற்பம், அதிலும் இளஞ்சிவப்பு என்றால் சேகரிப்பாளர் உலகமே அண்ணாந்து பார்க்கும்.

சரி, வாங்கும்போது கடைசியாக, அடித்தட்டை உடலோடு பிணைக்கும் ரிவெட்டைப் பாருங்கள். ஆலையில் அதன் தலை நசுக்கப்பட்டுக் காளான் மாதிரி விரிந்திருக்கும். பிரித்துப் பூச நினைப்பவர் பெரும்பாலும் அதைத் துளையிட்டுத்தான் ஆக வேண்டும், பிறகு பசையோ திருகோ வைத்து மூடியிருப்பார். விற்பவர் அடிப்பக்கப் படம் அனுப்ப மறுத்தால், நான் அங்கேயே பேரத்தை நிறுத்திவிடுவேன்.