மா வீழ்ந்தது என்றால், விழுந்தது எது?

'அவருக்கு மாலை போட்டார்கள்' என்று கேட்கும்போது அந்திப்பொழுது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் பொருந்தாத பொருளும் கண நேரம் தலைகாட்டிவிட்டுப் போகிறது என்கிறது, மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராயும் உளமொழியியல்.

1979-இல் டேவிட் ஸ்வின்னி இதைச் சோதித்தார். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவிக்கும் அதுவே பெயர். சிலந்தி, கரப்பான் எனப் பூச்சிகளை அடுக்கிய வாக்கியத்தில் அந்தச் சொல் ஒலித்த கணத்தில், திரையில் ஓர் எழுத்துக்கோவை தோன்றும். அது சொல்தானா என்று கேட்பவர் முடிவுசெய்ய வேண்டும். 'எறும்பு' விரைவாகப் பிடிபட்டது, சரி. 'ஒற்றன்' என்ற சொல்லும் விரைவாகவே பிடிபட்டதுதான் வியப்பு. மூன்று அசைகள் தள்ளிக் காட்டியபோது எறும்புக்கு மட்டுமே அந்தச் சலுகை மிஞ்சியது. ஆக, மூளை எல்லாப் பொருளையும் முதலில் எழுப்புகிறது, களையெடுப்பது பிறகு.

எந்தப் பொருள் என்று காட்டும் குறிப்பு தாமதமானால் என்ன ஆகும்? 1988-இல் டஃபி, மாரிஸ், ரேனர் மூவரும் வாசகரின் கண்ணசைவை அளந்தார்கள். முதலில் அதிகம் வழங்கும் பொருளை எடுத்துக்கொண்ட வாசகர், அரிய பொருளே சரி என்று பின்னால் தெரியவரும் இடத்தில் தடுமாறினார்.

தமிழில் எழுதுபவர் இதைக் கவனிக்க வேண்டும். நமக்கு வினை வாக்கியக் கடைசியில் அல்லவா வருகிறது! பலபொருள் ஒருசொல்லைத் தெளிவாக்குபவை வினை, இனம் (உடன் வரும் இனச்சொல்), சார்பு (சூழல்) என்கிறது தொல்காப்பியம். 'மா' மாமரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். 'மா பூத்தது' என்றால் மரம், வினை காட்டிக்கொடுக்கிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்பதில் வினைக்கு முன்பே மருது என்ற மரப்பெயர் துப்புத் தந்துவிடுகிறது. நீண்ட வாக்கியத்தில் வினையை மட்டும் நம்புவதைவிட இனச்சொல்லை முன்னால் வைப்பதே மேல் என்பேன். சில சொற்களுக்கு அந்தக் கவலையும் இல்லை: நதி 'ஆற்றில்' என்று வரும், எண் 'ஆறில்' என்று வரும். மாலைக்கு அந்த வசதி கிடையாது. பூவானாலும் பொழுதானாலும் 'மாலையில்'தான்.

'மா வீழ்ந்தது' என்பதுதான் சிக்கல். மரமும் விழும், குதிரையும் விழும். இத்தகைய இடத்தில் பொருளை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் விதி. மாமரம் வீழ்ந்தது.