சாரத்திலிருந்து விழுந்தால்: முதல் நாளிலேயே கைநழுவும் இழப்பீடு

கட்டட வேலையில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ இரண்டு வழியில் பணம் வர வேண்டும். ஒன்று, வேலைக்கு வைத்தவர் சட்டப்படி தர வேண்டிய இழப்பீடு. இன்னொன்று, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவித்தொகை. ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடாது. இழப்பீட்டு உரிமை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 7ஆம் அத்தியாயத்துக்குள் வந்திருக்கிறது. சட்ட வரலாறு இவ்வளவு போதும். பணம் எங்கே நழுவுகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

நழுவுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில். அடிபட்டவரை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டியிலேயே காண்ட்ராக்டர் காதில் ஓதிவிடுகிறார்: வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லுங்கள், போலீஸ், கேஸ் எல்லாம் எதற்கு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். பதறிப்போன மனைவியும் அப்படியே சொல்கிறார். விபத்துப் பதிவேட்டில் "மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்" என்று ஒரு வரி ஏறுகிறது. ஆறு மாதம் கழித்து இழப்பீடு கேட்டுப் போனால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். ஆகவே எந்த ஊரில், யார் வேலையில், எந்தச் சாரத்திலிருந்து விழுந்தார் என்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள்.

அடுத்த பொறி முத்திரைத்தாள். விழுந்தவர் இறந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு காண்ட்ராக்டர் வருவார். கையில் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ இருக்கும். "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்ற வாசகத்தின் கீழே பெருவிரல் ரேகை கேட்பார். ஏற்கெனவே ரேகை வைத்துவிட்டாலும் கலங்க வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மரண இழப்பீட்டை இழப்பீட்டு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். வீட்டுத் திண்ணையில் கொடுத்தது இழப்பீடு கட்டியதாக ஆகாது. தொகையையும் தெரிந்துகொள்ளுங்கள். மாதச் சம்பளத்தில் பாதியை, இறந்தவரின் வயதுக்கு உரிய எண்ணால் பெருக்குவார்கள். கூலி எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை; பல கொத்தனார்களின் மாதக் கூலி அதைவிட அதிகம். அப்படிப் பார்த்தாலும் 40 வயதுக்காரருக்கு 7,500ஐ 184.17ஆல் பெருக்க, 13,81,275 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும் சேரும். திண்ணையில் வைத்த ஐம்பதாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"குடித்திருந்தான்", "பெல்ட் போடவில்லை" என்பார்கள். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் இந்தச் சாக்குகள் எடுபடாது. மற்றக் காயங்களில் போதை ஒரு தடைதான்; ஆனால் பெல்ட்டே கொடுக்காதவர் பெல்ட் போடவில்லை என்று வாதாட முடியாது. உயிர் தப்பியவருக்கு மருத்துவச் செலவும் முதலாளி பொறுப்பு. மருந்துக்கடைச் சீட்டுவரை பத்திரப்படுத்துங்கள்.

சாரம் மோசமாகக் கட்டப்பட்டிருந்தது என்று நீங்கள் நிரூபிக்கவும் வேண்டியதில்லை. வேலையில் இருந்தபோது, வேலையின் காரணமாக விழுந்தார் என்பது போதும். ஆனாலும் அன்றே படம் எடுங்கள். மறுநாள் காலையில் அங்கே சாரமே இருக்காது, அவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். கமுகு, மூங்கில், சவுக்குக் கம்புச் சாரமானால் கயிற்று முடிச்சையும் கம்பின் அடியையும் எடுங்கள். இங்கே குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, நனைந்து காய்ந்த கயிறு தளர்ந்துவிடும், மண்ணில் ஊன்றிய கம்பு உளுத்துவிடும். இரும்புக் குழாய்ச் சாரமானால் காலுக்கு அடியில் தகடு இருந்ததா, குறுக்குக் குழாய்கள் எல்லாம் மாட்டியிருந்தார்களா, சுவரோடு கட்டியிருந்தார்களா என்பது தெரிய வேண்டும். பெயின்டர்கள் உருட்டும் சக்கரச் சாரத்தில் பூட்டைப் பாருங்கள். ஆள் மேலே நிற்கும்போதே அதைத் தள்ளிக்கொண்டு போகும் வழக்கம் எத்தனை பேரைக் கீழே தள்ளியிருக்கிறது! இடுப்பளவு கைப்பிடிக் குழாய் இல்லாமல் இரண்டு பலகையில் நிற்க வைப்பது எந்த வகைச் சாரத்திலும் குற்றம்தான். மழைக்கும் பெருங்காற்றுக்கும் பிறகு சோதிக்காமல் ஏற்றக் கூடாது. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பிறகு, "அவன் என் ஆளே இல்லை" என்ற பதில் வரும். கூலி போட்ட செல்போன் பரிமாற்றம், மேஸ்திரியின் கூலி நோட்டுப் பக்கம், உடன் வேலை செய்த இருவரின் வாக்குமூலம் இருந்தால் போதும். மனுவில் காண்ட்ராக்டரையும் கட்டட உரிமையாளரையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டியே காலம் போகும்.

வாரியத்தின் கதை வேறு. 18 முதல் 60 வயதுக்குள், ஓராண்டில் 90 நாளாவது கட்டட வேலை செய்தவர் பதியலாம். கட்டணம் கிடையாது, ஐந்நூறு, ஆயிரம் கேட்பவர் இடைத்தரகர். கட்டடச் செலவில் 1 விழுக்காடு வரியாக வாரியத்துக்கு வருகிறது, ஆகவே இது யாரும் போடும் பிச்சை இல்லை. ஆனால் வாரிய அட்டை கையில் இருந்தும் பணம் வராத குடும்பங்கள் உண்டு. புதுப்பிக்கும் தேதி தாண்டியிருக்கும். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, அட்டையில் வேறு. திருமணத்துக்கு முன் எழுதிய நியமனதாரர் (நாமினி) பெயர் இன்னும் அம்மாவாகவே இருக்கும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் எப்போதோ செத்திருக்கும். இவற்றை இன்றே சரிபாருங்கள், விழுந்த பிறகு திருத்துவது கடினம். அட்டையே இல்லை என்று திருப்பி அனுப்பினாலும் நகராதீர்கள்: பணியிட விபத்தில் இறந்தவர் பதியாதவராக இருந்தாலும் குடும்பத்துக்கு உதவி தரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது.

வாரிய அலுவலகமும் இழப்பீட்டு அதிகாரியும் ஒன்றல்ல. வாரியத்தில் மனு கொடுத்துவிட்டு எல்லாம் கொடுத்தாயிற்று என்று இருந்தவர்கள், இழப்பீட்டுக்கான 2 ஆண்டுக் கெடுவைத் தவறவிட்டிருக்கிறார்கள். "ஃபைல் மேலே போயிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்" என்பதை நம்பிக் கெடுவை எண்ணாமல் இருக்காதீர்கள். நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் உங்கள் இழப்பீட்டு மனுவை விசாரிப்பவர் எவர், எங்கே அமர்கிறார் என்று எழுதி வாங்குங்கள். மனுவை வாங்க மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்த்ததற்கான சான்றை மனு நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.