கொட்டான் முடையும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது?

மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில்தான் எனக்கும் வேலை போயிருந்தது. வாலிநோக்கம் பக்கம் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் போனைத் தடவிக்கொண்டே கிடந்தேன். "என்னத்தப் போட்டு மருகிக்கிட்டு இருக்க? இந்தா, இதப் பிடி" என்று நனைந்த ஓலையைத் தூக்கி மடியில் போட்டது அப்பத்தா.

கொட்டான் என்பது பனையோலையில் முடையும் சின்னப் பெட்டி. காய்ந்த ஓலையில் ஈர்க்கை உரித்தெடுத்து, ஒரே அகலமாகக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். அடிப்பகுதி சுலபம், ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்துக்கொண்டே போகலாம். மூலையை மடக்கி மேலே ஏற்றும் இடத்தில்தான் ஆட்டம் காட்டும், ஒரு ஓலையை விட்டால் மொத்தமும் அவிழும். என் முதல் கொட்டான் மூன்று மூலையில்தான் நின்றது. அரிசி போட்டால் ஒழுகும். ஆனால் பத்து நாளாகப் பிடிக்காத தூக்கம் அன்று ராத்திரி பிடித்தது. அது எப்படி என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

முதல் விஷயம் இடப்பற்றாக்குறை. நாம் ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ள முடிவது ஏறக்குறைய மூன்று நான்கு சமாச்சாரங்கள்தான். கவலையும் அந்தச் சின்ன இடத்தில்தான் உட்கார வேண்டும். அடுத்தது மேலா கீழா, எத்தனையாவது ஓலை, எவ்வளவு இறுக்கலாம் என்று மூன்றும் உள்ளே வந்துவிட்டால் வீட்டு வாடகைக் கவலைக்கு எங்கே இடம்?

அடுத்து நடப்பது இன்னும் சுவாரசியம். கை அசையும் முன்பே, இழுத்தால் ஓலை இவ்வளவு இறுகும் என்று சிறுமூளை ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது. விரல் நுனி சொல்லும் செய்தி அந்தக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அடுத்த இழுப்பைத் திருத்துகிறது. இன்னொரு பக்கம், மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களும் எதிர்பார்ப்பையும் நடந்ததையும் ஒப்பிடுகின்றன. நினைத்ததைவிட நன்றாக வந்தால் அந்தச் செல்களின் துடிப்பு ஏறும், மோசமானால் இறங்கும், நினைத்தபடியே வந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துக் காட்டியது இதைத்தான். அப்படியென்றால் ஒன்றும் தெரியாதவனுக்குத்தான் யோகம்! படியாது என்று நினைத்த நான்காவது மூலை ஏழாவது கொட்டானில் சட்டென்று படிந்தபோது நான் போட்ட சத்தத்தில் கோழி பறந்தது. அறுபது வருடமாக முடையும் அப்பத்தாவுக்குச் சாதாக் கொட்டானில் இனி என்ன ஆச்சரியம்? அதனால்தானோ என்னவோ, சாயம் தோய்த்த ஓலையை நடுவில் நுழைத்து யாரும் கேட்காத கோலமெல்லாம் போட்டுப் பார்க்கும். கடற்கரையில் வலையைச் சரிசெய்கிறவர்களுக்கும் ஆச்சரியம் தீராது, ஒரு கிழிசல் மாதிரி இன்னொன்று இருக்காது.

திறமை வேண்டுமா? அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமலும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரிடம் களிமண்ணும் பேனாவும் தாளும் கொடுத்து 45 நிமிடம் இஷ்டப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலைச் சோதித்ததில், மன அழுத்தத்தோடு ஏறி இறங்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த குழு ஒன்றை வைத்து ஒப்பிடவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான், ஏனென்றால் கார்ட்டிசோல் காலையில் உச்சத்தில் இருந்துவிட்டுப் பகல் ஏற ஏறத் தானாகவே இறங்கும். கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு அதிகம் பிடித்தது நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வு. 658 இளைஞர்கள் 13 நாள் தினமும் குறிப்பு எழுதினார்கள். பின்னல், புதுச் சமையல், பாட்டு என்று எதையாவது வழக்கத்தைவிட அதிகமாக உருவாக்கிய நாளுக்கு மறுநாள் மனம் உற்சாகமாக இருந்தது. சரி, உற்சாகமாக இருப்பவர்கள்தானே எதையாவது செய்வார்கள் என்று திருப்பிக் கேட்கலாம். அதையும் பார்த்தார்கள். இன்றைய உற்சாகம் நாளைய படைப்பைக் கூட்டியதாகத் தெரியவில்லை. ஆக, மூடு வரட்டும் என்று காத்திருப்பது வீண்.

இதை எல்லா இடத்திலும் பொருத்திவிட முடியாது. பக்கத்து வீட்டு அக்கா கருப்பட்டிப் பெட்டி முடைகிறார், எண்ணிக்கைக்குக் கூலி. ஒரே அளவு, ஒரே பின்னல், சாயங்காலத்துக்குள் இத்தனை உருப்படி என்று கணக்கு. ஆச்சரியத்துக்கும் வழியில்லை, இஷ்டத்துக்கும் வழியில்லை. அவரிடம் போய் "மனசு லேசாகுமே அக்கா" என்று சொன்னால் மட்டையைத் தூக்குவார், தூக்கவும் வேண்டும்.

என் முதல் கொட்டானை எறியப் போனேன், அப்பத்தா விடவில்லை. அதில் பூண்டு போட்டு அடுப்படி ஆணியில் மாட்டியிருக்கிறது. பூண்டு ஒழுகாதாம்.