கம்பெனி நிறுத்திட்ட பிஸ்டலுக்கு எந்த ஸ்பேர முதல்ல வாங்கி வைக்கணும்? பிரவுனிங் ஹை-பவரும் ஸ்பிரிங்கோட சயின்ஸும்

பிரவுனிங் ஹை-பவர் பிஸ்டல பெல்ஜியம் ராணுவம் 1935-ல எடுத்துக்கிச்சு. 2018-ல இனிமே இத செய்யப்போறதில்லன்னு பிரவுனிங் கம்பெனி அறிவிச்சிருச்சு. நடுவுல எண்பது வருசத்துக்கு மேல ஓடுன மாடல் இது, உலகம் முழுக்க எத்தனையோ ராணுவமும் போலீசும் வெச்சிருந்தாங்க, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் சட்டப்படி வீட்ல வெச்சு ரேஞ்சுல சுடுறவங்க இன்னிக்கும் நிறைய பேர் இருக்காங்க. கம்பெனி நிறுத்திட்டா அவங்களுக்கு வர்ற முதல் கேள்வி இதுதான்: எத வாங்கி வைக்கிறது, எத்தன வாங்கி வைக்கிறது?

பெரும்பாலானவங்க பேரல் (குழல்) தேஞ்சிருமோ, ஃப்ரேம் (அடிக்கூடு) விரிசல் விட்ருமோன்னு பெரிய பாகத்த நெனச்சுதான் பயப்படுறாங்க. ஆனா பிஸ்டல முதல்ல நிறுத்துறது எப்பவும் சின்ன சாமான்தான், அதுலயும் மேகசின் (தோட்டா அடுக்குற டப்பா), அடுத்து ஸ்பிரிங்குங்க. ஒழுங்கா பாத்துக்கிட்டா பேரலும், அதுக்கு மேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைடும் ஒரு மனுசன் ஆயுசுக்கு மேல வரும். இதுக்கு கனடா ராணுவத்த விட நல்ல சாட்சி கிடையாது. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க இந்த பிஸ்டல செஞ்சுக்கிட்டிருந்த பெல்ஜியத்து எஃப்என் ஃபேக்டரிய பிடிச்சப்புறம், டொரண்டோவுல இங்கிலிஸ் கம்பெனி 1944-ல இருந்து இந்த பிஸ்டல செஞ்சுச்சு. அந்தப் போர்க்காலத்து பிஸ்டல்களையே கனடா ராணுவம் முக்கா நூற்றாண்டுக்கு மேல ஓட்டுச்சு, அதுக்கு பதிலா சிக் பி320 வாங்க ஆர்டர் போட்டதே 2022-லதான். பிரிட்டன் ராணுவம் 2013-ல க்ளாக்குக்கு மாறிருச்சு. நம்ம பக்கம் மேற்கு வங்காளத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி செஞ்ச 9எம்எம் 1ஏ பிஸ்டலும் இந்த இங்கிலிஸ் டிசைன்தான், ஆனா இந்தியாவுல 9எம்எம் பாராபெல்லம் தோட்டா, தடை செஞ்ச குழல் அளவுல (prohibited bore) வருது, அதனால சாதாரண ஆளு இத வெச்சுக்க முடியாது.

சரி, மேகசினுக்கு வருவோம், ஏன்னா ஹை-பவரோட உயிரே அதுலதான் இருக்கு. அமெரிக்க துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1923-ல ஒரு டிசைனுக்கு பேட்டன்ட் கேட்டாரு, 1926-ல எஃப்என் ஃபேக்டரியிலயே இறந்துட்டாரு, மிச்ச வேலையெல்லாம் செஞ்சு முடிச்சது எஃப்என்ல இருந்த வடிவமைப்பாளர் டியூடோனே செவ். ரெண்டு வரிசையா மாத்தி மாத்தி 13 தோட்டா அடுக்குற மேகசின் செவ்வோட வேலை. அந்தக் காலத்து பிஸ்டல்ல பொதுவா 7, 8 தோட்டாதான், இதுல கிட்டத்தட்ட டபுள். ரெண்டு வரிசையில வர்ற தோட்டாவ மேல வரும்போது ஒரே வாயில ஒவ்வொன்னா கொண்டுவரணும், அதுக்காக டப்பா மேல் பக்கம் குறுகும், அந்த இடத்துல தோட்டாவுங்க ஒன்ன ஒன்னு பக்கவாட்டுல தள்ளும், உராய்வு ஜாஸ்தி, அந்த உராய்வையெல்லாம் தாண்டி மேல தூக்குற மொத்த பொறுப்பும் அடியில இருக்குற ஒரே ஒரு ஸ்பிரிங்கோடது.

அதுக்கு கிடைக்கிற நேரமும் ரொம்ப கம்மி. சுட்டதும் ஸ்லைடு பின்னாடி போய் காலி ஷெல்ல வெளிய தள்ளிட்டு திரும்பி முன்னாடி வர்றதுக்கு ஒரு விநாடியில நூத்துல சில பங்குதான் ஆகும், அதுக்குள்ள அடுத்த தோட்டா மேல வந்து சரியான கோணத்துல நிக்கணும். மேகசின் நெறஞ்சிருக்கும்போது ஸ்பிரிங் நல்லா அமுங்கி இருக்கு, விசை ஜாஸ்தி, ஆனா தூக்க வேண்டிய எடையும் ஜாஸ்தி. காலியாக ஆக எடை குறையும், ஹூக் விதிப்படி (அமுங்கின அளவுக்குத்தான் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்) விசையும் குறையும். கடைசி தோட்டா வரும்போது ஸ்பிரிங் தன்னோட பலவீனமான நிலையில இருக்கும், அப்பவும் அது தோட்டாவ தூக்கணும், அது போனதும் ஸ்லைடு ஸ்டாப்ப மேல தள்ளி ஸ்லைட பின்னாடி நிறுத்தணும். அதனால மேகசின் ஸ்பிரிங் சோர்ந்து போறத முதல்ல காட்டிக்கொடுக்கறது கடைசி ஒன்னு ரெண்டு தோட்டாதான். கடைசி தோட்டா சிக்குது, இல்ல காலியானப்புறம் ஸ்லைடு பின்னாடி நிக்காம முன்னாடி வந்துருதுன்னா பிஸ்டல சந்தேகப்படாதீங்க, முதல்ல அந்த மேகசின மாத்திப் பாருங்க. இதுக்காகவே எல்லா மேகசின்லயும் அடியில நம்பர் எழுதி வைக்கிறது நல்ல பழக்கம், எது கோளாறு பண்ணுதுன்னு உடனே தெரிஞ்சிரும்.

ஸ்பிரிங் சோந்தா புதுசு போட்டுக்கலாம், டப்பாவோட வாய் கெட்டா அவ்வளவு சுலபம் இல்ல. மேல தோட்டாவ பிடிச்சு நிக்கிற ரெண்டு உதடு இருக்கே, அது சூடுபடுத்தி கடினமாக்குன மெல்லிசு தகடு. கான்க்ரீட் தரையில ஒரு தடவ தலைகுப்புற விழுந்தாலே லேசா விரியவோ வளையவோ வாய்ப்பிருக்கு. விரிஞ்சா தோட்டா கொஞ்சம் சீக்கிரமாவே வெளிய வரும், மூக்கு மேல தூக்கிக்கும், ரெண்டு தோட்டா ஒன்னா வந்து மாட்டும். கண்ணுக்கு இது தெரியாது, வெர்னியர் காலிப்பர் வெச்சு ஒரு நல்ல மேகசினோட ஒப்பிட்டாதான் தெரியும். அதனால நல்லா ஓடுற ஒரு மேகசினோட உதட்டு இடைவெளிய இன்னிக்கே அளந்து எழுதி வெச்சுக்குங்க.

ஹை-பவருக்குன்னு தனியா இன்னொரு விசயமும் இருக்கு. மேகசின் உள்ள இல்லன்னா இந்த பிஸ்டல் சுடாது. பிரெஞ்சு ராணுவம் கேட்ட பிஸ்டலுக்காக ஆரம்பிச்ச டிசைன் இது, அவங்க போட்ட கண்டிசன் இது. ட்ரிக்கருக்குள்ள ஒரு குட்டி ப்ளஞ்சர் (உள்ள வெளிய நகர்ற முளை) இருக்கும், அது மேகசினோட முன்பக்கத்துல அழுத்திக்கிட்டே நிக்கும், ட்ரிக்கர் இழுக்கும்போது அந்த முகத்துமேல தேய்ச்சுக்கிட்டே போகும். அப்ப மேகசின் முன்பக்கம் சொரசொரன்னு இருந்தா ட்ரிக்கரும் கரகரன்னு கனமா இருக்கும், மேகசின் பட்டன அமுக்குனாலும் அது தானா கீழ விழாது. இதுக்காகவே பின்னாடி வந்த சில மேகசின்ல அடியில ஒரு குட்டி ஸ்பிரிங் நெம்புகோல் வெச்சு வெளிய உதைச்சு தள்ற மாதிரி செஞ்சாங்க, அமெரிக்காவுல அத எலிப்பொறின்னே கூப்பிடுறாங்க. மலிவான மேகசின் வாங்கி அடுக்கறதுக்கு முன்னாடி இத யோசிக்கணும், தோட்டாவ ஒழுங்கா ஊட்டினா மட்டும் போதாது, இந்த பிஸ்டல்ல மேகசின் ட்ரிக்கர் மெக்கானிசத்துலயும் ஒரு பாகம்.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி: மேகசின ஃபுல்லா நிரப்பி வருசக்கணக்கா வெச்சா ஸ்பிரிங் செத்துருமா? ஸ்டீல்ல எலாஸ்டிக் லிமிட்னு ஒன்னு இருக்கு. அதுக்குள்ள அமுக்கினா விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துரும், தாண்டுனா நிரந்தரமா குட்டையாயிரும். ஒழுங்கா டிசைன் பண்ண ஸ்பிரிங் ஃபுல்லா அமுங்குனாலும் அந்த எல்லைக்குள்ளதான் இருக்கும், ஆரம்பத்துல லேசா நீளம் குறையும், அப்புறம் அந்த குறையறது ரொம்ப ரொம்ப மெதுவாயிரும், சாதாரண அறை வெப்பத்துல ஸ்டீலுக்குள்ள அணுக்கள் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது. ஆனா அதே அளவு டப்பாவுல 13-க்கு பதிலா 15 தோட்டா திணிக்கிற மேகசின்ல ஸ்பிரிங்குக்கு இடமே கம்மி, கம்பி எல்லைக்கு ரொம்ப பக்கத்துல போகுது, அதனால அது சீக்கிரம் சோர வாய்ப்பு உண்டு. வருசக்கணக்கா நிரப்பி வைக்கிறவங்க ஒன்னு ரெண்டு தோட்டா கம்மியா போடுறதுல அர்த்தம் இருக்கு.

நிரப்பி வைக்கிறத விட ஸ்பிரிங்க அதிகமா கொல்றது திரும்பத் திரும்ப அமுக்கி விடுறது. இதுதான் ஃபெட்டீக், அதாவது உலோகச் சோர்வு. 19-ம் நூற்றாண்டுல ஜெர்மனியில ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சு ஏன் உடையுதுன்னு வருசக்கணக்கா சோதிச்சாரு, ஒரு தடவைக்கு தாங்குற பாரத்த விட ரொம்ப கம்மியான பாரமே லட்சக்கணக்கான தடவை வந்தா உலோகம் உடையும்னு காட்டுனாரு. ஒரு கம்பிய முன்னும் பின்னும் வளைச்சு வளைச்சு உடைக்கிறோம்ல, அது இதோட வேகமான வடிவம். விரிசல் பெரும்பாலும் மேற்பரப்புலதான் ஆரம்பிக்கும், ஒரு கீறலோ துருப்பிடிச்ச சின்ன குழியோ போதும். அதனால துரு வந்த ஸ்பிரிங்க தேய்ச்சு பளபளப்பாக்கி திருப்பிப் போடக்கூடாது, குழி உள்ள அப்படியேதான் இருக்கும்.

இந்த கணக்குல அதிகம் அடி வாங்குறது ஸ்லைட திருப்பி முன்னாடி தள்ற ரீகாயில் ஸ்பிரிங், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு தடவ முழுசா அமுங்குது. 9எம்எம் ஹை-பவர்ல இது 17 பவுண்ட் விசை உள்ள ஸ்பிரிங். இது சோந்தா ஸ்லைடு பின்னாடி வேகமா வந்து ஃப்ரேம்ல மோதும், காலி ஷெல் வழக்கத்த விட தூரமா பறக்கும், அதாவது ஒரு மலிவான ஸ்பிரிங்க மாத்தாம விட்டா அடி போய் விழறது கடையில கிடைக்காத ஃப்ரேம்ல. 3,000-ல இருந்து 5,000 ஷாட்டுக்கு ஒரு தடவ மாத்தச் சொல்றது வழக்கம். மாசம் 200 தோட்டா சுடுறவருக்கு வருசம் 2,400, 3,000-க்கு ஒன்னுன்னு வெச்சா 20 வருசத்துக்கு 16 ஸ்பிரிங். இது நிச்சயமா தேயுற சாமான், கணக்கு போட்டு வாங்கிறலாம்.

ஃபயரிங் பின் (தோட்டாவ பின்னாடி குத்தி வெடிக்க வைக்கிற ஊசி), எக்ஸ்ட்ராக்டர் (காலி ஷெல்ல இழுத்து எடுக்குற கொக்கி) மாதிரி எப்ப உடையும்னு சொல்ல முடியாத சாமானுக்கு கணக்கு வேற. அதுக்கு பாய்சான் கணக்கு இருக்கு, எப்பவாவது நடக்குற ஒன்னு எத்தன தடவ நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு அது சொல்லும். ஒரு உதாரணத்துக்கு, 20 வருசத்துல ஒரு ஃபயரிங் பின் சராசரியா அரை தடவ உடையுதுன்னு வெச்சுக்குவோம். ஸ்பேரே இல்லாம அந்த 20 வருசத்த ஓட்ட வாய்ப்பு 61 சதவீதம். ஒரு ஸ்பேர் இருந்தா 91. ரெண்டு இருந்தா கிட்டத்தட்ட 98.6. மூணாவது ஸ்பேருக்கு கொடுக்குற காசுல கிடைக்கிற நிம்மதி ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலதான், அந்த காசுக்கு ஒரு மேகசின் வாங்குறது மேல். இன்னும் அழகா ஒன்னு இருக்கு: பத்து பேரு ஆளுக்கு ரெண்டு வாங்கி 20 ஸ்பேர் வெச்சா ஒவ்வொருத்தருக்கும்தான் அந்த 98.6, பத்து பேருல யாருக்குமே ஸ்பேர் தீந்துபோகாம இருக்குற வாய்ப்பு 87 சதவீதம்கிட்ட எறங்கிரும். அதே பத்து பேரு பொதுவா 10 ஸ்பேர் மட்டும் ஒரே பெட்டியில வெச்சா பத்து பேருக்கும் சேத்தே 98.6 சதவீதம் வந்துரும். பாதி சாமான், அதிக பாதுகாப்பு. ராணுவம் ஸ்பேர ஒரே கிடங்குல வைக்கிறதுல இவ்வளவு லாபம் இருக்கு, ஷூட்டிங் கிளப்புல நண்பர்கள் சேந்து வாங்குறதும் இதனாலதான் புத்திசாலித்தனம்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க பிஸ்டல் எந்த வயசுன்னு தெரிஞ்சுக்குங்க. 1962 வாக்குல எக்ஸ்ட்ராக்டர் மாறுச்சு, அதுக்கு முன்னாடி ஸ்லைடுக்குள்ள ஒளிஞ்சிருக்குற நீளமான ஒரே துண்டு, அப்புறம் வெளிய தெரியுற மாதிரி தனி ஸ்பிரிங்கோட வந்துச்சு, இது அதுல போகாது. 1980-கள் கடைசியில வந்த மார்க் 3 வடிவத்துல ஃபயரிங் பின்ன தடுக்குற கூடுதல் சேஃப்டி இருக்கு, அதனால பழைய ஃபயரிங் பின் அதுக்கு ஆகாது. பாயின்ட் 40 எஸ்அண்ட்டபிள்யூங்கற வேற தோட்டாவ சுடுற மாடலோட ரீகாயில் ஸ்பிரிங்கும் வேற மேகசினும் வேற. ஹேமர் (ஃபயரிங் பின்ன அடிக்கிற சுத்தி), சியர் (அந்த ஹேமர பிடிச்சு நிறுத்துற பாகம்), சேஃப்டி, பேரல் இதெல்லாம் பெட்டியில இருந்து எடுத்து அப்படியே மாட்டுற சாமான் இல்ல, அரத்தால சீவி அந்தந்த பிஸ்டலுக்கு பொருத்தணும், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தப்புல பிஸ்டல் தானா வெடிக்கும், அதனால இத ஆர்மரர்கிட்ட (துப்பாக்கி பழுது பாக்குறவர்கிட்ட) விட்டுறணும். அவர் வேலை செய்யுற காலத்துலயே செஞ்சு சோதிச்சு எடுத்து வெச்சுட்டா ரொம்ப நல்லது.

யாருகிட்ட கிடைக்கும்? மேகசினுக்கு இத்தாலியில மெக்-கார், அவங்க 13-ம் செய்யுறாங்க 15-ம் செய்யுறாங்க. ஸ்பிரிங்குக்கு அமெரிக்காவுல வுல்ஃப். 2021-ல ஸ்ப்ரிங்ஃபீல்ட் கம்பெனி எஸ்ஏ-35னு கிட்டத்தட்ட அதே பிஸ்டல கொண்டுவந்தாங்க, துருக்கியில கிர்சானும் செய்யுறாங்க, இதெல்லாம் பழைய மேகசினையே எடுத்துக்குது, அதனால மேகசின் சந்தை உயிரோட இருக்கு. எஃப்என் 2022-ல ஹை-பவர்னு அதே பேர்ல இறக்குனது உள்ள முழுக்க வேற, அதோட 17 தோட்டா மேகசின் பழசுல போகாது, பேர மட்டும் பாத்து வாங்கிறாதீங்க. சட்டமும் ஒரு நாள்ல சந்தைய மாத்திரும். அமெரிக்காவுல 1994 செப்டம்பர்ல இருந்து 2004 செப்டம்பர் வரைக்கும் 10 தோட்டாவுக்கு மேல பிடிக்கிற புது மேகசின் பொதுமக்களுக்கு விக்கக்கூடாதுன்னு மத்திய சட்டம் இருந்துச்சு, அந்த பத்து வருசம் பழைய 13 தோட்டா மேகசின் வெச்சிருந்தவங்க கையில இருந்தது தங்கம். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலத்துல இன்னிக்கும் 10-தான் எல்லை, முதல்ல உங்க ஊர் சட்டத்த பாருங்க.

வாங்கினத கெடாம வைக்கிறதுல கவனமா இருக்கவேண்டிய எதிரி ஈரம்தான். தோல் பவுச்சுல மேகசின மாசக்கணக்கா விட்றாதீங்க, தோல் பதப்படுத்துன உப்பும் அமிலமும் ஈரத்த இழுத்து ஸ்டீல தின்னும். கை ரேகை வேர்வைய தொடைச்சுட்டு மெல்லிசா எண்ணெய் பூசி, துரு தடுக்குற விசிஐ பேப்பர்ல சுத்தி, சிலிகா ஜெல்லோட காத்துப் போகாத டப்பாவுல போடுங்க. ஒவ்வொரு பையிலயும் எந்த மார்க்குக்கு, எந்த வருசம் வாங்கினது, சுட்டுப் பாத்ததா இல்லையான்னு எழுதுங்க. சுட்டுப் பாக்காத மேகசின ஸ்பேர்னு கணக்குல சேக்காதீங்க, ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போய் நாலஞ்சு தடவ நிரப்பி காலி பண்ணி, கடைசி தோட்டாவுக்கப்புறம் ஸ்லைடு நின்னாதான் அது டப்பாவுக்குள்ள போகணும்.