நாடு பட்டியலில் இருக்கிறது, சரக்குக்கு வரி விழுகிறது

எனக்குத் தெரிந்த சிறு ஏற்றுமதியாளர் ஒருவர், வர்த்தக சபையில் பணம் கட்டித் தோற்றச் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தாள்) வாங்கி, அதை நம்பி ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பினார். அங்கே முழு வரியும் விழுந்தது. வாங்கியவர் அதை இவர் பில்லில் கழித்துக்கொண்டார். அந்தச் சாதாரணச் சான்றிதழ் வரிச்சலுகைக்கு உதவாது என்று கவுன்டரில் ஒருவரும் சொல்லவில்லை. "நீங்கள் கேட்கவில்லையே" என்றார்களாம்.

சரி, திட்டம் இதுதான். வளரும் நாடுகளின் பொருட்களுக்கு ஐரோப்பா 1971 முதல் தரும் சுங்கவரிச் சலுகைக்கு ஜிஎஸ்பி என்று பெயர். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2001 முதல் ஆயுதம், வெடிமருந்து தவிர எதற்கும் வரி கிடையாது.

மற்ற வளரும் நாடுகளுக்கு அப்படியில்லை. நாடு சலுகைப் பட்டியலில் இருந்தாலும் உங்கள் பொருள் இல்லாமல் போகலாம். ஒரு துறை நன்றாக வளர்ந்துவிட்டால் அதை மட்டும் சலுகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். விலை பேசும் முன் எச்எஸ் கோடை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, வைத்துப் பாருங்கள்.

அடுத்தது தோற்ற விதி, அதாவது எது உங்கள் நாட்டுப் பொருளாகக் கணக்காகும் என்பது. பலர் மாட்டுவது இதில்தான். இறக்குமதித் துணியில் சட்டை தைத்தால், பின்தங்கிய நாட்டுக்காரருக்குச் சலுகை உண்டு. மற்ற வளரும் நாட்டுக்காரர் பொதுவாகத் துணியையும் உள்நாட்டிலேயே நெய்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்ததை அயர்ன் செய்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் போட்டு அனுப்பினால் யாருக்கும் கிடையாது.

அப்புறம் காகிதம். சரக்கின் மதிப்பு 6,000 யூரோவைத் தாண்டினால் ரெக்ஸ் (பதிவுபெற்ற ஏற்றுமதியாளர்) பதிவு எண் வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்த பிறகு உங்கள் நாட்டு அதிகாரி அதை ஏற்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப வரும், மறுபடி அலைய வேண்டும். எண் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், ஏஜென்ட் பெயரில் வேண்டாம். இன்வாய்ஸில் எழுதும் தோற்ற உறுதிமொழிக்கென்று விதித்த வாசகம் உண்டு. சொந்த நடையில் எழுதாதீர்கள்.

மூலப்பொருள் பில்களைக் குறைந்தது 3 ஆண்டு பத்திரப்படுத்துங்கள். பின்னால் சரிபார்க்கக் கேட்டு, உங்களிடம் இல்லையென்றால் விட்ட வரியை வாங்கியவரிடம் கேட்பார்கள். அவர் உங்களிடம்தான் வருவார்.

ஏற்கெனவே வரி கட்டியாகிவிட்டதா? பொருளுக்குத் தகுதி இருந்தால், இறக்குமதியான 2 ஆண்டுக்குள் உறுதிமொழியை ஏற்கெனவே அனுப்பிய சரக்குக்கும் எழுதித் தரலாம். பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டியவர் அங்குள்ள இறக்குமதியாளர். அவரை விடாமல் கேளுங்கள்.